கொட்டாஞ்சேனைக்குப் போன லேகியப் போத்தல்

போன சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போக எனக்கு இரண்டு காரணம். அச்சகத்தில் பிழை திருத்துபவன் என்பதால், நண்பன் ஜெராட் தங்கள் கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் வைக்கும் போதை ஒழிப்புக் கண்காட்சியின் தமிழைப் பார்த்துத் தரச் சொல்லியிருந்தான். அவன் மனைவி ரோஸ்மேரிக்கு எங்கள் ஒழுங்கையில் உள்ள சிங்கள ஆயுர்வேத வைத்தியரிடம் மருந்து வாங்கிப் போகவும் வேண்டும். தம்பி காணாமல் போய் ஏழு மாதமாக அவளுக்கு நித்திரை இல்லை.

வழி பத்துக் கிலோமீற்றர். காலை 9.10க்கு காலி வீதியில் புறக்கோட்டை பஸ் ஏறினேன், பதினான்கு ரூபாய். 9.35க்கு கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருந்ததால் என் பையைத் தனியாகப் பார்த்தார்கள். இளம் சிப்பாய் ஒருவர் லேகியப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு வைத்தியர் சிங்களத்தில் எழுதித் தந்த மருந்துச் சீட்டை வாசித்து, "மேக்கே கஞ்சா தியெனவானே" என்றார். இதில் கஞ்சா இருக்கிறதே என்கிறார்! எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. என்ன சுமந்து வந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நாற்பது நிமிடம் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன். பஸ் போய்விட்டது. அதிகாரி வந்து வைத்தியரின் முத்திரையையும் பதிவு இலக்கத்தையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்தியர் கொடுத்தால் மருந்தாம், நீயாக வைத்திருந்தால் குற்றமாம். சிப்பாய் போத்தலை நீட்டியபடி, தன் அம்மாவும் இதைத்தான் சாப்பிடுகிறார் என்றார். அவருக்கு நன்றி சொல்வதா, அவரைக் கண்டு பயப்படுவதா என்று தெரியவில்லை.

அடுத்த பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து பத்து ரூபாயில் கொட்டாஞ்சேனை. மண்டபத்துக்குள் போகும்போது 11.20.

சுவர் முழுக்க மண்டையோடுகள். பெரிய சுவரொட்டியில், "கஞ்சாவைத் தொட்டவன் பைத்தியம். அவன் நாட்டின் எதிறி" என்றிருந்தது. இளைப்பாறிய நீதிமன்ற லிகிதர் ஒருவர் அங்கே கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கஞ்சாவுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று அவரிடம் கேட்டேன். வெள்ளைக்காரன் முதலில் அனுமதிப் பத்திரம் கொடுத்து விற்க விட்டான், பிறகு அவனே தடுத்தான், வைத்தியர்களுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது என்றார். அப்படியென்றால் எதிரி எப்போது எதிரியானான் என்றேன். அதை எழுதினவரிடம் கேட்கச் சொன்னார். எழுதினது ஜெராட்.

ஜெராட்டிடம் அந்த இரண்டாவது வரி வேண்டாம் என்றேன். சிங்களச் சுவரொட்டியில் இருப்பது தமிழிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் ஏன் மறைத்தோம் என்று கேட்பார்கள் என்றான். அவன் பயமும் நியாயம்தான். 'எதிறி' என்றிருந்ததை 'எதிரி' ஆக்கிக் கொடுத்தேன்.

மத்தியானம் அவன் வீட்டில் ரோஸ்மேரியிடம் போத்தலைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"எனக்குத் தெரியும். வைத்தியர் என்னைப் பாத்த அண்டைக்கே சொன்னவர். இவருக்கு மட்டும் சொல்லாதீங்கோ அண்ணை."

"அவன் கேட்டா?"

"கேக்க மாட்டார். நான் நித்திரை கொண்டாப் போதும் அவருக்கு."

இந்த வழியில் மருந்து கொண்டுபோகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வைத்தியரின் சீட்டு முத்திரையோடு இருக்கட்டும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலே வாசிக்கத் தெரிந்தவரிடம் கேளுங்கள், சாவடிக்கென்று ஒரு மணித்தியாலம் கூடுதலாக வையுங்கள். சீட்டை வாசிக்காமல் வாங்கியது என் பிழை.

திங்கள் காலை ஜெராட் தொலைபேசியில் அழைத்தான். கண்காட்சிக்கு நல்ல கூட்டமாம். ரோஸ்மேரி இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறாளாம், மருந்தில் என்ன இருக்கிறதென்று கேட்டான். வேர், தேன், நெய் என்றேன். மூன்றும் உண்மை. அதற்குப் பிறகு ஏன் எனக்கு நித்திரை வரவில்லை என்றுதான் புரியவில்லை.