கிணற்றுக் காட்சிக்குப் பிறகு

கொட்டகையை விட்டு வெகுதூரம் வந்த பிறகும் என் மனைவி சிரித்துக்கொண்டே நடந்தாள். நான் இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். மத்தியான ஆட்டம் முடிந்து, மைசூர் வெயில் இன்னும் இறங்காத நேரம். கலியாணமாகி இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து பார்த்த ஒரே பேசும்படம் அது. சிரிப்புப் படம்.

ஒரு பேராசைக்காரன் பெண்டாட்டியின் நகைகளைக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்குகிறான். கடைசியில் அவள் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் கிணற்றில் எறிகிறாள். எறிந்த வேகத்தில் தானும் விழுகிறாள். அவன் குதித்துத் தடவித் தடவி, மூட்டையை விட்டுவிட்டு அவள் கூந்தலைப் பிடித்து மேலே வருகிறான். தரை டிக்கெட்டில் ஒரே விசில்.

எங்கள் வீட்டிலும் அந்தக் கதைதான். யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் மோட்டார்கள் முடங்கிக் கிடந்தன. சொந்தமாக ஜட்காவும் குதிரையும் வைத்திருந்தவனுக்கு நல்ல ஓட்டம். எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைக்காத எனக்கு அந்த ஆசை பிடித்துவிட்டது. முதலில் அவள் வளையல்களை மட்டும் கேட்டேன். பிறகு ஒரு வண்டி எப்படிப் போதும் என்று தோன்றி, சங்கிலியையும் கேட்டேன். எல்லாம் கொள்ளேகாலில் அவள் அண்ணன் போட்டு அனுப்பியவை. ஒரு மாதமாக வேலைக்கும் போகவில்லை. படம் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறேன் என்றிருந்தாள்.

"ஏனுங்க, அந்தக் கெணத்துல நீங்க குதிச்சிருந்தா எதைப் புடிச்சிருப்பீங்க?"

"மூட்டையைத்தான்."

"அடப்பாவி மனுசா!"

"உனக்கு நீச்சல் தெரியும் புள்ள. ஏரியிலயும் கெணத்துலயும் முங்கி வளந்தவ. மூட்டைக்கு நீச்சல் தெரியுமா?"

நடுரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். முந்தானையை இழுத்து இரண்டு மணிக்கட்டையும் மூடிக்கொண்டிருந்தாள்.

"நெசமாத்தான் சொன்னீங்க, இல்லீங்களா?"

விளையாட்டு என்று சொல்லியிருக்கலாம். கால் வலித்தது, பசி வேறு. "நெசந்தான்" என்றேன்.

"அப்ப நாளைக்கு என்னை அண்ணன் ஊட்டுக்கு பஸ் ஏத்தி விட்டுருங்க."

வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இருந்த சோற்றைப் பங்கிட்டுத் தின்றோம்.

காலையில் கொள்ளேகால் பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அப்போதெல்லாம் பஸ்ஸின் பின்பக்கம் ஒரு பீப்பாயில் கரியைப் போட்டு எரிப்பார்கள். அந்தப் புகையில்தான் எஞ்சின் ஓடும். கரி கனல, விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிற ஆள் அன்று வரவில்லை.

"ஏய் மாராயா, மரம் மாதிரி நிக்கறியே! பா இல்லி, இங்க வந்து இதைப் புடிச்சுச் சுத்து!" என்று டிரைவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

சுற்றினேன். கரி ஈரம். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள்.

"மெதுவாச் சுத்துங்க. மூச்சு வாங்குது பாருங்க."

நிறுத்தச் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. எஞ்சின் பிடித்துக்கொண்டது, பஸ் போய்விட்டது.

டிக்கெட் கொடுப்பவர் வந்து, சாமராஜநகர் பஸ்ஸுக்கும் ஆள் இல்லை, தினமும் வருகிறாயா என்று கேட்டார். தலையாட்டிவிட்டு அந்த பஸ்ஸின் பின்பக்கம் போனேன்.