இல்லாத மச்சினனும் காசிம் பாயின் தத்துவமும்

மராத்தி பேசும் ஊரான போபோடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காசிம் பாய் பகலில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தார். மிச்ச நேரத்தில் கவிஞராகவும் தத்துவவாதியாகவும் இருந்தார். மேலப்பாளையத்துக்காரர். தமிழ்ச் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவர் எழுதியதையெல்லாம் படியெடுத்தவன் நான். ஆகவே அவர் தத்துவம் முழுவதையும் இரண்டு தடவை அனுபவித்த ஒரே ஆளும் நான்தான்.

சூஃபிகளில் ஒரு சாராரை அவருக்கு ஆகவே ஆகாது. இறைவனை நினைத்து உருகட்டும், அழட்டும், பாடட்டும். ‘நான் என்பதே பொய், நான் கரைந்துவிட்டேன்’ என்று மூலையில் சாய்ந்துகொள்வது எந்த ஞானத்தில் சேர்த்தி என்று கேட்பார்.

"வே அந்தோணி, இரும்பு உலையில செவக்கட்டும். வெளிய வரும்போது போல்ட்டா வரணும். கரைஞ்சு போச்சுன்னா போர்மேன் சும்மா விடுவாரா?"

இறைவன் கொடுத்த ‘நானை’த் தீட்டி உழைக்க வைப்பதே வணக்கம் என்பது அவர் கட்சி.

இவ்வளவு ஆவேசத்துக்கும் காரணம் அவர் வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தது. மனைவி பாத்திமாவின் தம்பி மீரான், 1974இல் பத்து நாளைக்கென்று வந்தவன், மூன்றாவது வருஷமும் ஊர் திரும்பவில்லை. வந்த மறுமாதமே தான் இறைவனில் கரைந்துவிட்டதாக அறிவித்தான். கரைந்தவன் வேலைக்குப் போக முடியுமா? ஒரே அறை, கட்டில் அவனுக்கு. பாய் கவிதை எழுதியது அடுப்புக்குப் பக்கத்தில். இவன் எப்போது கிளம்புவான் என்பதே பாயின் ஏக்கமெல்லாம்.

ஒருநாள் ரேஷன் இன்ஸ்பெக்டர் தலை எண்ண வந்தார். கார்டில் மூன்று பெயர்.

"மீரான் கோண் ஆஹே?" என்று, மீரான் யார் என்பதை மராத்தியில் கேட்டார்.

கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறக்காமலே, "மீரான் நஹீ ஹை. சிர்ஃப் அல்லா ஹை" என்றான். மீரான் இல்லை, அல்லா மட்டும்தான் இருக்கிறான் என்று அர்த்தம்.

இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் நன்றாகவே புரிந்தது. இல்லாதவருக்குச் சர்க்கரை எதற்கு என்று சிரித்துக்கொண்டே பெயரை அடித்துவிட்டுப் போனார்.

பாய்க்குத் தலைகால் புரியவில்லை. இனி ஊருக்குப் போவதைத் தவிர இவனுக்கு வழியில்லை என்று என்னிடம் வந்து குதித்தார். பாத்திமா அன்றைக்கே சீனியை நிறுத்தினாள்.

"லாத்தா, சாயா கசக்கு" என்று அக்காவிடம் முனகினான் மீரான்.

"நீதான் இல்லியே. யாருக்குலே கசக்கு?"

நாளைக்கு ஏழு சாயா குடிக்கிற மகான் எத்தனை நாள் தாங்குவான்? நான்காம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு ரேஷன் ஆபீசுக்கே நடந்தான். பாய் லீவு போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். வேடிக்கையை விட மனமில்லாமல் நானும் போனேன். வரிசையில் முப்பது பேர் பார்க்க, மீரான் மேஜையைத் தட்டிக் கத்தினான்: "மே ஹூம்! மே மீரான் ஹூம்!" நான் இருக்கிறேன், நான்தான் மீரான் என்று!

பாய் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். இத்தனை வருஷத் தத்துவம் ஜெயித்துவிட்டதே! மனிதருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

அப்போது குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். இன்னார் இருக்கிறார், இன்ன வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கிறார் என்று குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும்.

‘நிரந்தரமாக’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு பாய் வெகுநேரம் நின்றார். கையெழுத்துப் போடாவிட்டால் மீரான் ஊருக்குப் போய்விடுவான். ஆனால் இருக்கிறேன் என்று கத்துகிறவனை இல்லையென்று சொன்ன பாவம் வந்துசேரும். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மச்சான், நான் இருக்கேம்லா? சொல்லும் மச்சான்."

"இருக்கலே, நல்லா இருக்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாய் கையெழுத்துப் போட்டார்.