அத்தர் புட்டியும் ஒரு சாண் பட்டிழையும்

காலியான அத்தர் புட்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பழுப்பு நிறத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அதற்குள் விடுகிறார் கியாசுதீன். கழுத்து வரை வந்ததும் அதை அப்படியே பெட்ரோல் டேங்கில் கவிழ்த்துவிட்டு, ஆட்டோவைப் பின்னால் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்குகிறார்.

"பாய், இன்னிக்கு என்னா கஷாயம்?" என்கிறார் அடுத்த ஆட்டோக்காரர் தேவேந்திரன். "புள்ள பெத்தவளுக்குக்கூட இவ்ளோ லேகியம் தரமாட்டாங்கபா!"

"சிரிச்சிக்கினே இரு. உன் வண்டி இருமும்போது எங்கிட்டதான் வருவே."

வண்டிக்குப் பதினான்கு வயது. சீட்டுக்கு அடியில் அரை டஜன் பாட்டில்கள்: பெட்ரோலில் கலக்க, இன்ஜின் ஆயிலில் கலக்க, கார்புரேட்டர் அழுக்கைக் கரைக்க. ஒரு டேங்குக்கு ஒரு மருந்துதான். "ரெண்டையும் ஒண்ணா ஊத்தி வண்டி நல்லா ஓடுச்சுன்னா, எதுக்கும்மா நன்றி சொல்றது?" என்று, அவர் வண்டியில் அடிக்கடி போகும் என்னிடம் கேட்டார்.

பலனைச் சொல்வது ஒரு பட்டிழை. நெசவாளி ஒருவர் வண்டியில் விட்டுப்போனது. ஒரு சாண் நீளம், சிவப்பு, நுனியில் ஜரிகை முடிச்சு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், சவாரிகள் பிடித்துக்கொள்ளும் கம்பியில் அதைக் கட்டியிருக்கிறார். இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியில் அதையே பார்க்கிறார்; அது ஆடாமல் நின்றால் மருந்து பலித்தது என்று கணக்கு. சாதாரண நடுக்கமா அது! ஒரு மனிதனின் உயிரே அங்கே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

மனைவி நிக்கத்துக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். வண்டி அதிர்ந்தால் வலி உச்சந்தலைக்கு ஏறுகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய மகள் கௌசர், அதனாலேயே செவிலிமேட்டில் மாமியார் வீட்டில் பெற்றெடுத்தாள். நாற்பது நாள் முடியாமல் குழந்தையை வெளியே கொண்டுவர மாட்டார்கள். பேத்தியின் முகத்தை நிக்கத் இன்னும் போனில்தான் பார்க்கிறார்.

"ஒரு கார் கூப்பிடக் கூடாதா பாய்?" என்றேன்.

"ஊரையே ஏத்திக்கினு போற வண்டிம்மா இது. என் பொண்டாட்டிய மட்டும் இன்னொருத்தன் வண்டில அனுப்பவா?"

இன்ஜினைத் தாங்கும் ரப்பரை மாற்றினார். பாதி நடுக்கம் போனது. மீதிக்குத்தான் இந்த வைத்தியம். பாச்சை உருண்டை போட்டால் பெட்ரோலுக்கு வீரியம் ஏறும் என்று யாரோ சொல்ல, மனைவியின் பட்டுச்சேலைப் பெட்டியிலிருந்து ஆறு உருண்டைகளை எடுத்து டேங்கில் போட்டார். கார்புரேட்டர் அடைத்து, சின்ன காஞ்சிபுரம் தேரடியிலிருந்து வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்.

"என் நிக்காஹ் சேலைய பூச்சிக்கு விட்டுட்டு, வண்டிக்கு வாசனை போட்டீங்களா?" என்று கேட்டாராம் நிக்கத். வலியை மறந்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்றார் கியாசுதீன்.

சென்ற ஞாயிறு, இழை அநேகமாக அசையாமல் நின்றது. குழந்தைக்கு அன்று இருபத்தோராம் நாள். செவிலிமேட்டுக்காரியான என்னையும் "துணைக்கு வாங்கம்மா" என்று ஏற்றிக்கொண்டார். நிக்கத்தின் முதுகுக்கு இரண்டு தலையணை.

பாதி வழியில் ஒரு லாரிக்காக வண்டியை நிறுத்தினார். இன்ஜின் வேகம் தணிந்ததும் இழை மறுபடி துடித்தது. நிக்கத் உதட்டைக் கடித்தார். கியாசுதீனோ முன்னால் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடுதா?" என்றார், திரும்பாமல்.

"எங்க ஆடுது? ஓட்டுங்க. புள்ள முழிச்சிக்கினு இருக்கும்போதே பார்க்கணும்."

அவர் கண்ணாடியைப் பார்ப்பதற்குள் நிக்கத் கையை நீட்டி, ஜரிகை முடிச்சை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து மெல்லக் கீழே இழுத்தார். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் போல இழை விறைத்து நின்றது. செவிலிமேடு வரும்வரை அந்த விரல்கள் பிடியை விடவில்லை.