கத்தரி படாத கோட்டு

அழகு நிலையத்தில் தலைக்குச் சாயம் பூசுவது அவள் வேலை. சிறுவயதில் பெரியம்மா மகள் உடுத்திக் கழித்ததைத்தான் அவள் உடுத்தினாள். “அது என்னோட பழைய கவுன்” என்று பள்ளிக்கூடத்தில் அந்த அக்கா எல்லார் முன்னாலும் சொன்னது நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. அதனால் தன் நாலு வயது மகளுக்கு, பணக்கார வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் போடும் விலை உயர்ந்த கம்பெனிக் கோட்டு ஒன்றையே வாங்கினாள். “விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்” என்று கணவன் முனகியதோடு சரி.

பூங்காவில் அந்தக் கோட்டோடு படம் எடுப்பதற்காகச் சறுக்குமரத்தின் உச்சியில் நிறுத்தியபோது மகள் தவறி விழுந்தாள். முழங்கை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தார்.

“வெட்டாதீங்க! நானே கழட்டிடறேன்.”

“எலும்பு முறிஞ்சிருக்கும்மா. கைய அசைக்கவே கூடாது.”

“இது என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு?”

டாக்டரைக் கூப்பிட நர்ஸ் வாசலுக்குப் போனார். அவள் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாம்மா, வலிக்குதும்மா!”

“பல்லைக் கடிச்சுக்கோடி, வந்துடுச்சு.”

மகள் அலறி மயங்கினாள். கோட்டில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அவள் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எலும்பு கோணலாகத்தான் கூடியது. இப்போதெல்லாம் அவள் மகளுக்கு முழுக்கை உடுப்புகளாகவே வாங்குகிறாள். கடையில் கேட்டால், “படத்துல கை தெரியக் கூடாதுல்ல” என்கிறாள்.