கையில் கொடுக்காத கத்தி

மணலியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போல்ட், பேரிங், கேஸ்கெட் என்று எத்தனையோ சாமான் வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒன்றுகூட அந்தக் கத்தி அளவுக்கு என்னைப் படுத்தி எடுத்ததில்லை. ஸ்டோர்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

1. சுத்தியல் பரீட்சை

பெரிய மழை வந்தால் எங்கள் பக்கம் மிதக்கும். அதனால் கம்பெனியில் ஒரு ஃபைபர் படகும் மீட்புக் குழுவும் உண்டு. குழு என்றால் முக்கியமாக இரண்டு பேர். பாரம் கட்டித் தூக்கும் ரிக்கர் கன்னியப்பன் முகத்துவாரக்குப்பத்துக்காரன், படகு அவன் பொறுப்பு. ஃபிட்டர் யூசுப்புக்கு வீடு தண்டையார்பேட்டை. இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிடுகிறவர்கள். ஒருவன் லீவு போட்டால் மற்றவனிடம் அன்று வேலை வாங்க முடியாது.

படகில் வைக்கும் எமர்ஜென்சி பைக்கு ஒரு கத்தி வேண்டும் என்றார் சேஃப்டி மேடம்.

"மடக்குக் கத்தி வாங்கிடலாமா மேடம்?"

"கை விறைச்சுப் போய் நடுங்கும்போது அதை யாரு சார் பிரிக்கிறது? மடங்காத கத்தியா பாருங்க."

நியாயமான பேச்சு. வண்ணாரப்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கி மூன்று கத்திகள் கொண்டுவந்தேன். மேடம் தன் பங்குக்கு ஆன்லைனில் ஒன்று வரவழைத்திருந்தார். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. கைப்பிடி குழாயாக இருந்து அதற்குள் தூண்டில் முள், தீப்பெட்டி, மூடியில் திசைகாட்டி. யூசுப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேடம், உள்ள பிரியாணி எதுனா கீதா?" மேடமே சிரித்துவிட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் பழைய பேக்கிங் கட்டை மேல் ஒவ்வொரு கத்தியாக வைத்து, முதுகில் சுத்தியலால் தட்டிக் கட்டையைப் பிளந்து பார்த்தோம். ராஜாவை மேடமே தட்டினார். குழாய்க் கைப்பிடி ஒரு பக்கம், பிளேடு ஒரு பக்கம் போனது. "நல்லவேளை, இங்கயே போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தார். மரப்பிடிக் கத்தி ஆடத் தொடங்கிவிட்டது, பிளேடு பிடிக்குள் பாதி தூரம்தான் போயிருந்தது. மூன்றாவது நல்ல கார்பன் ஸ்டீல், வெட்டு அபாரம். ஆனால் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி வைத்ததும் துரு பூத்துவிட்டது. எண்ணூர்க் காற்றுக்கு அது தாங்காது.

நின்றது கடைசிக் கத்தி. ஸ்டெயின்லெஸ், உள்ளங்கை நீளப் பிளேடு, கனத்த முதுகு. இரும்பு ஒரே துண்டாகக் கைப்பிடியின் கடைசி வரை ஓடியது. ஃபுல் டாங் என்பார்கள். எண்ணெய்க் கையிலும் வழுக்காத ரப்பர் பிடி, அதன் நுனியில் ஒரு ஓட்டை. உறை கெட்டிப் பிளாஸ்டிக். தோல் உறை ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது என்பதால் அதை வேண்டாம் என்றேன்.

2. மாங்காய்

கத்தி வந்ததும் வேறு தலைவலி ஆரம்பித்தது. பையைத் திறந்து பார்த்தால் கத்தி இருக்காது. கேன்டீன் பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் மாங்காய் வெட்டி மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றுகொண்டிருப்பார்கள்.

"யூஸ் பண்ணிக்கினே இருந்தாதான் மாமு கத்தி நல்லாக்கீது" என்பான் கன்னியப்பன்.

ஒரு நாள் பொறுமை போய், அந்த ஓட்டையில் ஆரஞ்சு நைலான் கயிறு கோத்துப் பையோடு கட்டிவிட்டேன். கத்திக்கு நாய்ச்சங்கிலி போட்டாச்சு என்று கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். மறுநாள் மாங்காய்க்குப் பையும் சேர்ந்தே போயிருந்தது.

ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். யூசுப் வெட்டி முடித்தால் கத்தியைக் கீழே வைப்பான், கன்னியப்பன் அதை எடுத்துக்கொள்வான். கைக்குக் கை தரவே மாட்டார்கள்.

"கைல குடுத்தா சண்ட வரும் மாமு. எனக்குக் கீறது ஒரே தோஸ்து" என்றான் யூசுப். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்பதால் எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

3. சடையங்குப்பம்

அந்த வருஷம் பெரிய மழை வந்தது. அதில் எங்கள் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரின் மனைவியும் கைக்குழந்தையும் மாமியாரும் சடையங்குப்பத்து வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட ஆள் வேண்டுமென்று நானும் படகில் போனேன். கன்னியப்பன் முன்கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டினான். மூன்று பேரையும் ஏற்றினோம். குழந்தை என் மடியில்.

அதற்குள் தண்ணீர் திடீரென்று ஏறி முடிச்சு அதில் மூழ்கிவிட்டது. இழுப்பில் கயிறு விறைத்து, படகின் மூக்கைக் கீழே இழுத்தது. முன்பக்கமாகத் தண்ணீர் உள்ளே வந்தது. முடிச்சு கைக்கு அசையவில்லை.

"கத்தி! கத்திய குடுபா!" என்று கத்தினான் கன்னியப்பன்.

நடுவில் பையோடு உட்கார்ந்திருந்த யூசுப் கத்தியை உருவினான். கன்னியப்பனின் கை அவனுக்கு முன்னால் விரிந்திருந்தது. யூசுப் கத்தியைக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தான்.

பழக்கம், வேறென்ன. படகு ஒரு ஆட்டம் ஆடியது. கத்தி வழுக்கி வெளியே விழுந்தது. நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

அப்போது படகின் விளிம்பில் ஆரஞ்சுக் கயிறு விறைப்பாக நிற்பது தெரிந்தது. யூசுப் இழுத்தான். கத்தி மேலே வந்தது. பையோடு முன்னால் தவழ்ந்து போய், கைப்பிடியைக் கன்னியப்பன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

"புடி! சண்ட வந்தா வரட்டும். உசுரோட இருந்தாதானே சண்ட போட முடியும்!"

கன்னியப்பன் இரண்டு இழுப்பில் அறுத்தான். மூக்கு மேலே எழும்பியது. கரை சேரும் வரை குழந்தை அழுதுகொண்டே வந்தது.

சண்டை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அடுத்த வாரமே டிபன் பாக்ஸில் வஞ்சிரத் துண்டுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு பேரும் கத்தி மேலேயே பழி போட்டார்கள். சாயங்காலம் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போனார்கள்.

இரும்பு, பிடி, உறை எல்லாம் பாருங்கள். அதோடு அதை எடுக்கப்போகிறவர்கள் எப்படி எடுப்பார்கள், எப்படிக் கொடுப்பார்கள் என்பதையும் பாருங்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்த எங்களுக்கு அது தோன்றவே இல்லை. பிறகு மேடம் அதையும் மீட்பு டிரில்லில் சேர்த்தார். கைப்பிடியை நீட்ட வேண்டும், வாங்குகிறவர் "புடிச்சிட்டேன்" என்று சொன்ன பிறகே விட வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற அன்று இரண்டு பேரும் சேர்ந்து அதே மாதிரி ஒரு கத்தி வாங்கி வந்தார்கள், ஆரஞ்சுக் கயிறோடு. யூசுப் மேஜையில் வைக்கப் போனவன் நின்றுவிட்டான். கைப்பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினான்.

"புடி மாமு."

பிடித்தேன். அவன் விடவில்லை, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தான். கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புடிச்சிட்டேன்" என்றேன்.