மூன்றாவது தரத்துக்குக் காத்திருந்தவர்

ஆறு வருடங்களாக அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தியேட்டர் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். ஒரே இரும்புச் சட்டத்தில் நான்கு இருக்கைகள், சிவப்பு ரெக்சின், கைப்பிடியில் பதினொன்று முதல் பதினான்கு வரை எண்கள். எழுந்தால் இருக்கை தானாக மடிந்து 'டப்' என்று அடிக்கும். யார் எழுந்து போகிறார்கள் என்பது சமையலறைவரை தெரியும்.

வீட்டுக்காரர் ஏலம் விடுபவர். காலி செய்த வீடுகள், மூடிய அலுவலகங்கள் இவற்றின் சாமான்களைச் சனிக்கிழமைதோறும் பஸ் டிப்போவுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் ஏலம் விடுகிறார். கவிழ்த்த மரப்பெட்டியின் மேல் ஏறி, கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டால் நூற்றைம்பது பேரை மூன்று மணி நேரம் நகரவிடாமல் நிறுத்துவார். கையில் இருப்பது கால் உடைந்த மேசையாக இருக்கும். அதை விற்க அவர் சொல்வது பெரும்பாலும் தன் சொந்தக் கதையை.

"இந்த மேசையை வாங்கினா நஷ்டப்படுவோமோன்னு பயப்படாதீங்க. நஷ்டம்னா என்னன்னு என்கிட்ட கேளுங்க. நான் இருநூத்துப் பன்னெண்டு சேர் வாங்கினவன்."

கூட்டம் சிரிக்கும். மேசை போய்விடும்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டும் மூடிப்போன ஒரு தியேட்டரின் நாற்காலிகள். ஏலத்தை நடத்தியது வேறொருவர். இவர் வேடிக்கை பார்க்கத்தான் போனார். அவரே சொல்வது இது: "எனக்கு எதிரில ஒருத்தன் கையைத் தூக்கினான். எனக்குப் பொறுக்கல, நானும் தூக்கினேன். அவன் மறுபடி தூக்கினான், நானும் மறுபடி. வாங்கி முடிச்சு வெளியில வந்து பார்த்தா அந்தாளு தலைக்கு மேல துண்டை வச்சு விசிறிக்கிட்டு நிக்கிறான். உள்ள காத்தாடி ஓடலையாம், அதுக்குத்தான் கையைத் தூக்கினானாம்."

பணத்துக்கு ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினார். வாங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. நான்கு நான்காகப் பிணைத்த நாற்காலியைத் தரையில் துளை போட்டு முடுக்கினால்தான் நிற்கும். வீட்டுக்கு எவனும் வாங்க மாட்டான், கடைக்கும் ஆகாது. கடைசியில் இரும்பு எடைக்குப் போட்டார். ஒரு வரிசையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்துத் தரையில் முடுக்கினார்.

"அப்பா, இன்டர்வெல் எப்போ?" என்று மூத்த மகள் கேட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தேநீருக்குப் பெயரே இன்டர்வெல்.

கடனை அடைக்க அவரால் முடியாமல் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. காரணத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்கிறார். முதல் நோட்டீஸ் வந்தபோது அவர் அதை 'ஒரு தரம்' என்று எடுத்துக்கொண்டார். இரண்டாவது வந்தபோது 'ரெண்டு தரம்'. ஏலத்தில் மூன்றாவது தரம் சொல்லிச் சுத்தியல் தட்டும்வரை எதுவும் முடிந்ததாகாது. அவசரப்பட்டு இரண்டாவது தரத்தில் கையைத் தூக்குகிறவன் கற்றுக்குட்டி. இவர் அனுபவசாலி, காத்திருந்தார். அந்த நிறுவனமோ தவணை தவறிய முதல் நாளிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தது.

வசூலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் உட்கார்ந்தார்கள். மிரட்ட எழுந்தபோது இருக்கை 'டப்' என்று அடித்ததில் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்ப, மிரட்டல் பாதியில் நின்றது.

வட்டியோடு நாலு லட்சத்து எண்பதாயிரம் ஆகியிருந்த கடனை, நான்கு மாதம் பேரம் பேசி, ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில் முடித்தார். அவர் வாழ்க்கையின் மகத்தான பேரம் அதுதான். 'சமரசத் தொகையில் முடிக்கப்பட்டது' என்று வந்த கடிதத்தை லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டினார். "இருபத்தஞ்சு வருஷமா விலையை ஏத்தித்தான் பழக்கம். முதல் தடவையா இறக்கிக் காட்டினேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பதினான்காம் எண்ணில் உட்கார்ந்தால் கடிதம் நேராகத் தெரியும்.

அவர் மனைவி ஒரு பள்ளி வேனின் ஓட்டுநர். காலையில் இருபத்திநான்கு பிள்ளைகளை ஏற்றி, மாலையில் இருபத்திநான்கையும் இறக்குகிறார். ஒன்பது வருடங்களாகச் சம்பளத்துக்கு ஓட்டும் வேன். சென்ற ஆண்டு வேன் முதலாளி, அடுத்த பள்ளித் திறப்போடு தொழிலை விடப்போவதாகவும், வேனையும் பிள்ளைகளையும் அவருக்கே தருவதாகவும் சொன்னார். ஒரு வருடத்துக்குள் பணம் வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

வங்கிக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து போனார்கள். போகும்போது கணவர் சுவரிலிருந்து அந்தக் கடிதத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டார். நாணயத்துக்குச் சான்று.

வங்கியில் கடன் பிரிவு அதிகாரி ஒரு இளம்பெண். கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதை எதுக்கு சார் கொண்டு வந்தீங்க?"

"கடன் முடிச்சதுக்கு ஆதாரம் மேடம்."

"முடிக்கல சார். பாதிக்கும் கம்மியா கட்டிட்டு விட்டுட்டீங்கன்னுதான் இதுக்கு அர்த்தம். எங்க கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருக்கு. வேற யாரா இருந்தாலும் இதை மறைப்பாங்க. நீங்க பிளாஸ்டிக் போட்டுக் கொண்டு வந்திருக்கீங்க."

மனைவி அவரைப் பார்க்கவில்லை. கடன் மதிப்பெண் என்ன என்று மட்டும் கேட்டார். அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். மனைவியுடையது நன்றாக இருந்தது. கணவருடையதைப் பார்த்து, "இது பாஸா ஃபெயிலா மேடம்?" என்று இவர் கேட்க, "எழுதவே வரல சார்" என்றார் அந்தப் பெண்.

மனைவியின் சம்பளம் மட்டும் கடனுக்குப் போதாது. கூட ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். செய்தி மனைவியின் தம்பிக்கு எட்டியது. டைல்ஸ் கடையில் மேலாளர். அன்று மாலையே வந்து பன்னிரண்டில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் போடறேன் கையெழுத்து. ஆனா வண்டி புத்தகத்துல என் பேரும் இருக்கட்டும். நாளைக்கு மாமா பாட்டுக்கு ஒரு கப்பலை ஏலத்துல எடுத்துட்டு வந்து நிப்பாரு."

"கப்பல்ல சீட்டு நல்லா இருக்கும் மச்சான்" என்றார் இவர்.

யாரும் சிரிக்கவில்லை. கொட்டகையில் நூற்றைம்பது பேரைச் சிரிக்கவைத்த ஆள், அன்று தன் கூடத்தில் மனைவி, மகள், மச்சான் என மூன்று பேரிடம் தோற்றார்.

தம்பி போனபின் மனைவி சொன்னது ஒன்றே ஒன்று. "ஒன்பது வருஷமா இன்னொருத்தர் வண்டிய ஓட்டிட்டேன். இனிமேலும் பாதி இன்னொருத்தர் வண்டியத்தான் ஓட்டணும்னா, எனக்கு வேணாம்ங்க."

மறுநாள் கணவர் தனியாக வங்கிக்குப் போனார். மச்சானுக்குப் பதில் அவரே கையெழுத்துப் போட அதிகாரி வழி சொன்னார். பழைய நிறுவனத்தில் தள்ளுபடியாக வாங்கிய இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தையும் கட்டி, முழுக்கடனும் தீர்ந்தது என்று கடிதம் வாங்க வேண்டும். அதோடு சின்னதாக ஒரு தொகையை வங்கியில் டெபாசிட் செய்து, அதன் பேரில் கொடுக்கும் கிரெடிட் கார்டில் மாதாமாதம் எதையாவது வாங்கி, தேதி தவறாமல் கட்ட வேண்டும்.

"அதாவது, நானா பேசிக் குறைச்ச பணத்தை நானே போய்த் திருப்பிக் கொடுக்கணும்?"

"ஆமா சார்."

"அதுல ஏதாவது குறைச்சு…"

"சார்."

கட்டத் தொடங்கினார். ஏலக் கமிஷனில் பாதி அங்கே போனது. கார்டில் மாதம் ஒரு முறை பற்பசையும் சோப்பும் மட்டும் வாங்கினார். எட்டு மாதங்களில் குடும்பத்துக்கு இரண்டு வருடத்துக்குத் தேவையான பற்பசை சேர்ந்தது. கார்டுக்குப் பணம் கட்டும் தேதி பத்து. இவர் ஒன்றாம் தேதியே போய் நிற்பார். பில்லே இன்னும் வரவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மதிப்பெண் ஏறியதா என்று தினமும் மகளின் செல்போனில் பார்ப்பார். "அப்பா, அது செடி இல்ல, தினம் பார்த்தா வளராது" என்றாள் மகள்.

பள்ளி திறக்க இரண்டு மாதம் இருந்தது. பழைய பாக்கியில் இன்னும் முப்பத்தெட்டாயிரம். கையில் இருபத்திரண்டு. அப்போது அந்த நிறுவனத்திலிருந்தே போன் வந்தது. சனிக்கிழமை, ஏலத்துக்குச் சற்று முன்னால். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் போலிருக்கிறது, குரலில் உற்சாகம்.

"சார், வருஷக் கணக்கு முடிக்கிறோம். உங்களுக்கு ஒரு சலுகை. இன்னைக்கே இருபதாயிரம் கட்டினீங்கன்னா மீதிய விட்டுடறோம்."

தொண்டைவரை வந்துவிட்டது என்கிறார் அவர். "இருபது இல்ல, பதினஞ்சு" என்று. ஒருவர் விலையைச் சொல்லி, இவர் பதில் விலை சொல்லாமல் இருந்ததாக அவர் வாழ்க்கையில் வரலாறே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்படிக் கட்டினா கடிதத்துல என்னம்மா போடுவீங்க?"

"சமரசத் தொகையில முடிச்சதுன்னு போடுவோம் சார்."

"அந்தக் கடிதம் என்கிட்ட ஒண்ணு இருக்கும்மா. முழுசா கட்டறேன். பத்து காசு குறைக்காதீங்க, உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கிறேன்."

இப்படி ஒரு கோரிக்கைக்கு அந்தப் பெண்ணுக்கு யாரும் பதில் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

பாக்கியைக் கட்ட இன்னும் பதினாறாயிரம் போதவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் கூடத்துத் தரையிலிருந்த எட்டு நட்டுகளைக் கழற்றினார். மனைவியும் வேனை நிறுத்திவிட்டு வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். இவர் பெட்டியின் மேல் ஏறி, எத்தனையோ முறை சொன்ன கதையை இன்னொரு முறை சொன்னார். இந்த முறை சாட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"இதோ பாருங்க, பதினொண்ணுல இருந்து பதினாலு. இதுல உட்கார்ந்து என்னை மிரட்டினாங்க. இதுல உட்கார்ந்துதான் என் மச்சான் என்னைக் கப்பல் வாங்கச் சொன்னாரு. முட்டாள்தனத்துக்கு இதைவிட வசதியான இருக்கை கிடைக்காது. ஆரம்ப விலை நாலாயிரம்!"

பின்னால் நின்ற சலூன்காரர் ஒருவர் கை தூக்கினார். காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு வேண்டுமாம். காபிக்கடைக்காரர் போட்டிக்கு வந்தார். பதினான்காயிரத்தில் விலை நின்றது. "ஒரு தரம்… ரெண்டு தரம்…" இவர் இழுத்தார். காபிக்கடைக்காரர் கை ஏறியது. பதினேழில் மூன்றாவது தரம் விழுந்தது. அன்று அவர் தனக்குக் கமிஷன் எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒரு தமாஷ் செய்தார். கூட்டம் கைதட்டியது. மனைவி சிரித்தார். அதைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

முழுக்கடனும் தீர்ந்ததாகக் கடிதம் வந்தது. மதிப்பெண் பதிவில் மாற இன்னும் ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் வீட்டில் எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். பள்ளி திறக்க ஒன்பது நாள் இருந்தபோது வங்கி அழைத்தது.

அதே இளம்பெண் அதிகாரி. "கடன் பாஸ் ஆயிடுச்சு. ஆனா சார் இன்னும் முழுசா தேறல, ஜஸ்ட் பாஸ்தான். அதனால வட்டி அரை சதவீதம் கூட."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம், அந்த அரைய மட்டும் கொஞ்சம்…"

மேசைக்கு அடியில் மனைவியின் செருப்பு அவர் கால் மேல் ஏறியது. பேனாவை எடுத்து, மனைவியின் கையெழுத்துக்குக் கீழே காட்டிய இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். வண்டிப் புத்தகத்தில் மனைவியின் பெயர் மட்டும். மச்சான் மாலை வாங்கிக்கொண்டு வந்து வேனுக்குப் போட்டுவிட்டு, "மாமா, இதை ஏலத்துல விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதிய கடிதத்தை அவர் லேமினேட் செய்யவில்லை. டிவிக்கு மேல் பழைய கடிதம் தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. அதில் வேன் சாவி தொங்குகிறது.

வேன் கடனுக்குத் தவணை ஐந்தாம் தேதி. நினைவூட்டும் குறுஞ்செய்தி இரண்டாம் தேதி வரும். போன மாதம் அது ஒரு சனிக்கிழமை வந்தது. ஒரு குளிர்சாதனப் பெட்டி எட்டாயிரத்தில் நின்று, இரண்டு பேர் முறைத்துக்கொண்டிருந்த நேரம். சட்டைப்பையில் செல்போன் முனகியது. எடுத்துப் பார்த்தார். மைக்கைக் கையால் மூடாமலேயே சொன்னார்:

"ரெண்டு பேரும் அப்படியே கையைத் தூக்கிட்டு நில்லுங்க. எனக்கு ஒரு தரம் சொல்லிட்டாங்க. கட்டிட்டு வந்துடறேன்."