ஷிப்ட் பார்த்துப் போட்ட மாத்திரை

இப்படி ஒரு விஷயத்தை எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். தப்பாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண் தென்காசிப் பக்கத்துக்காரி. அவளுக்கும் அவள் கணவனுக்கும் வேறு வேறு கம்பெனி. சில வாரம் இருவருக்கும் ஒரே ஷிப்ட் அமையும். சில வாரம் இவள் பகலில் போவாள், அவன் இரவில் போவான்.

ஒரு நாள் துணி காயப்போட மாடிக்குப் போனபோது அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"நாள் தள்ளிப் போயிட்டுக்கா."

அடுத்த மாதம் அவளை வேலையில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது கர்ப்பம் என்றால் அது கைநழுவிவிடும் என்று பயந்தாள். கருத்தடை மாத்திரை போடுகிறாயே என்றேன். "போடத்தாம்க்கா செய்யுதேன்" என்று அழுதாள்.

துணைக்கு நானும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

"டெய்லி போட்டியா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"அவுக நைட் ஷிப்ட் போற வாரம் போடமாட்டேன் சிஸ்டர். அந்த வாரம் மூஞ்சியக்கூடப் பாத்துக்கிட மாட்டோம். எதுக்கு வீணா முழுங்கணும்?"

"இன்னாம்மா இது, தலைவலி மாத்திரையா, வலிக்கும்போது மட்டும் போட? இதுல கீற ஹார்மோன் கருமுட்டைய வெளிய வராம நிறுத்தி வைக்குது. நீ ஒரு வாரம் வுட்டா, அது பாட்டுக்கு நீங்க சேர்ற அடுத்த வாரம்கூட வந்துடும். முட்டைக்கு உங்க ஷிப்ட் தெரியுமா?"

அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கோ வேறு ஒரு சந்தேகம். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு பல வருடம் காப்பர்-டி வைத்திருந்தேன். அது என்ன செய்கிறது என்று யாரையும் கேட்டதில்லை. மெதுவாகக் கேட்டேன்.

"அது மூடி மாதிரி அடைச்சிக்கினு இருக்குமா?"

"மூடியா? அப்ப மாசாமாசம் உங்களுக்கு எப்படிக்கா வெளிய வந்துச்சி?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் நகரவில்லை. அதில் ஹார்மோனே கிடையாதாம். சுற்றியிருக்கிற செம்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, விந்தணுக்களை முட்டையிடம் போய்ச் சேரவிடாமல் முடக்கிவிடுமாம். முட்டை வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்குமாம். மூடி மாதிரி அடைப்பது ஆணுறைதான், அது விந்தை உள்ளேயே விடாது என்றார். என் உடம்புக்குள் இத்தனை காலம் இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"எனக்கும் அதையே வச்சிரலாமா சிஸ்டர்? அதுக்கு நாள் மறக்காதுல்லா" என்றாள் அவள்.

"மொதல்ல கர்ப்பமா இல்லியான்னு பாப்போம். காலைல மொத யூரின் புடிச்சிக்கினு வா. ரெண்டு கோடு வந்தா கர்ப்பம்."



மறுநாள் காலை ஒரு கோடுதான் வந்தது. சீக்கிரமாகப் பார்த்தால் சில சமயம் தெரியாதாம், ஒரு வாரம் கழித்து இன்னொரு தரம் பார்க்க வரச்சொன்னார் நர்ஸம்மா. அவள் மதிய ஷிப்டுக்குப் போனாள்.